ஆபீஸுக்குத் திரும்பி வரச் சொல்லி மெயில் வந்தால்: மேலே அனுப்பக்கூடிய பதிலை எழுதுவது எப்படி

2025 ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை. ஷிப்ட் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஜூலை முதல் எல்லோரும் வாரத்துக்கு மூன்று நாள் பெருங்குடி ஆபீஸுக்கு வர வேண்டும் என்று மெயில் வந்தது. அப்போது நான் உட்கார்ந்திருந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, எங்கள் வீட்டுப் பின்னறையில். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது கம்பெனி கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தவள். ஐந்து வருடமாக அந்த அறையில்தான் வேலை.

என் வேலை ஏஆர் காலிங். அமெரிக்காவில் ஒரு நோயாளிக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனைக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தரவில்லை என்றால், ஏன் தரவில்லை என்று போன் போட்டுக் கேட்டு, அந்தக் கணக்கை முடித்துவைப்பது. மாலை ஆறரைக்கு லாகின், விடியற்காலை மூன்றரைக்கு லாகவுட். நவம்பரில் அமெரிக்காக்காரர்கள் கடிகாரத்தை மாற்றும்போது எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரமும் ஒரு மணி தள்ளிப்போகும்.

அன்று ஷிப்ட் முடிந்ததும், மூன்றே முக்காலுக்கு, என் டிஎல்லுக்கு, அதாவது டீம் லீடருக்கு, பதில் எழுதினேன். ஐந்து வருடம் ராப்பகலாக உழைத்ததற்கு இதுதான் மரியாதையா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவேன் என்று இரண்டு பக்கம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. மறுநாள் டிஎல் போன் செய்தார். “மேடம், நீங்க எழுதுனது எல்லாம் நியாயம்தான். ஆனா இத நான் யாருக்கு அனுப்புறது?” என்றார்.

அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. இந்தக் குறிப்பு முழுக்க அதற்கான பதில்தான். நாம் யாரிடம் கோபப்படுகிறோமோ அவர் கையில் பெரும்பாலும் முடிவு இல்லை. அவர் மேனேஜருக்கு அனுப்ப வேண்டும், மேனேஜர் எச்ஆருக்கும் அதற்கு மேலேயும் அனுப்ப வேண்டும். போகிற இடத்தில் இருப்பவர்களுக்கு நம் முகம் தெரியாது, நம் பிள்ளையின் பெயர் தெரியாது. ஆகவே நாம் எழுதுவது, யாரும் கூட நின்று விளக்கம் சொல்லாமலேயே, மூன்று கை மாறிப் போய் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். என் முதல் மெயில் அப்படி இல்லை. இரண்டாவது மெயில் அப்படி இருந்தது. அதை எழுத எனக்குப் பதினோரு நாள் ஆனது.

வந்த மெயிலைத் திரும்பப் படியுங்கள்

கோபத்தில் படித்தால் “வா” என்பது மட்டும்தான் கண்ணில் படும். மறுநாள் தூங்கி எழுந்து படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து? எந்த நாட்கள் என்பதை யார் முடிவு செய்வது, நீங்களா டிஎல்லா? வாரத்துக்கு மூன்று என்பது வாரக் கணக்கா, மாதச் சராசரியா? விதிவிலக்கு கேட்பதென்றால் யாரிடம், எத்தனை நாளுக்குள்? எங்களுக்கு வந்த மெயிலின் கடைசிப் பத்தியில், “தவிர்க்க முடியாத காரணம் உள்ளவர்கள் தங்கள் மேனேஜர் மூலம் விண்ணப்பிக்கலாம்” என்று ஒரு வரி இருந்தது. எங்கள் குழுவில் இருந்த 22 பேரில் அந்த வரியைப் பார்த்தவர்கள் இரண்டு பேர்.

அப்படி ஒரு வரி இல்லையென்றால், முதலில் சிறிய மெயில் ஒன்று போடுங்கள், கேள்வி மட்டும். “வாரம் மூன்று நாளைச் சேர்த்து எடுத்துக்கொள்ள முடியுமா? விதிவிலக்குக்கு யாரை அணுக வேண்டும்?” இதற்கு எழுத்தில் பதில் வந்தால்தான் அடுத்த அடி வைக்க இடம் கிடைக்கும்.

பிறகு உங்கள் வேலை நியமனக் கடிதத்தைத் தேடி எடுங்கள். என்னுடையது பீரோவில், ரேஷன் கார்டு இருந்த கவருக்குள் இருந்தது. வேலை செய்யும் இடம் சென்னை என்று அச்சிட்டிருந்தது. கீழே, நிறுவனம் எந்த ஊருக்கும் மாற்றலாம் என்று இன்னொரு வரி. மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வது ஊழியரின் உரிமை என்று சொல்லும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. சில குறிப்பிட்ட நிலைமைகளுக்குத்தான் பிடி இருக்கிறது. மகப்பேறு சட்டத்தில் 2017-ல் வந்து, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்ந்திருக்கும் திருத்தம், 26 வார விடுப்பு முடிந்த பிறகும், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்பதும் அதே திருத்தம்தான். உடல் குறைபாடு உள்ளவர்கள் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி, தங்கள் நிலைக்கு ஏற்ற வசதியைக் கேட்கலாம். இரவு ஷிப்ட் பெண்களுக்குப் போக்குவரத்தும் பாதுகாப்பும் நிறுவனம் தர வேண்டும். இந்த ஒன்றை எல்லோரும் எழுத்தில் கேட்டே ஆக வேண்டும். எங்களை வீட்டில் கொண்டுவிடும் ஆபீஸ் கார், கேப் என்போம், நகர எல்லையோடு சரி. மூன்றரை மணிக்கு அது என்னைக் கடலூரில் கொண்டுவந்து விடாது.

வழக்கமாக இருந்து வந்த ஒரு சலுகையை எடுப்பதென்றால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று பழைய தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. ஆனால் ‘தொழிலாளி’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்குத்தான் அது பொருந்தும். உங்களுக்குப் பொருந்துமா என்று தொழிலாளர் வழக்குப் பார்க்கும் வக்கீல் ஒருவரிடம் கேட்காமல் மெயிலில் பிரிவு எண்ணெல்லாம் போடாதீர்கள். சட்டத்தைப் பார்த்த மறு நிமிடம் அந்த மெயில் மேனேஜரைத் தாண்டி வக்கீலிடம் போய்விடும். அதன் பிறகு யாராலும் மனம் விட்டுப் பேச முடியாது.

ஒரு கணக்கு நோட்டு போடுங்கள்

எனக்கு உண்மையில் கைகொடுத்தது இதுதான். என் மகளின் பழைய கணக்கு நோட்டில் பின்பக்கம் மிச்சமிருந்த தாள்களில், பத்து நாள் உட்கார்ந்து எழுதினேன். நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் எனக்கு ஆகும் செலவு, வலது பக்கம் நான் செய்து முடித்த வேலை.

இடது பக்கத்தில் முதலில் நேரம். கடலூரிலிருந்து சென்னை சுமார் 180 கிலோமீட்டர். திண்டிவனம் வழியாகப் போகும் பஸ் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து பெருங்குடிக்கு வேறு பஸ். வீட்டுப் படி இறங்கி ஆபீஸ் படி ஏற எனக்கு ஐந்து மணி நேரம். போக வரப் பத்து, மாதம் நான்கு முறை என்றால் நாற்பது மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு வார வேலை நேரம் பஸ்ஸில் போகிறது. அடுத்து பணம். பெண்கள் விடுதியில் சாப்பாட்டோடு 8,000, நான்கு முறை போய்வர 2,400, ஆட்டோ, வழிச் சாப்பாடு என்று 900. மொத்தம் 11,300. கைக்கு வருவது 33,500. மூன்றில் ஒரு பங்கு.

இதைவிட முக்கியமானது மூன்றாவதாக எழுதியது. என் கணவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஏ, பி, சி என்று வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். நோட்டில் அவருடைய ஷிப்டைக் கட்டம் போட்டு எழுதினேன். காலை ஆறுக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பும் ஏ ஷிப்ட் வாரத்தில் மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவும் இரவு கூட இருக்கவும் அவர் இருக்கிறார். பி ஷிப்டில் இரவு பத்து மணி வரை இல்லை. சி ஷிப்டில் ராத்திரி முழுக்க இல்லை. அந்த வாரங்களில் நானும் சென்னையில் இருந்தால், முட்டி வலியோடு எழுபது வயது மாமியாரும் பதினோரு வயதுப் பெண்ணும் மட்டும்தான் வீட்டில். இதை முதல் மெயிலில் “என் குடும்ப நிலைமை உங்களுக்குத் தெரியாது” என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது. கட்டம் போட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது, என் சிக்கல் சென்னை இல்லை. மூன்று வாரத்தில் இரண்டு வாரம்தான் சிக்கல். ஒரு வாரம் என்னால் போக முடியும், முழு வாரமும் போக முடியும்.

இதைத்தான் உங்களையும் செய்யச் சொல்கிறேன். “முடியாது” என்று நாம் சொல்கிற விஷயத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தால், அதற்குள் முடிகிற பகுதி ஒன்று கிடக்கும். கேட்பதற்கு அதுதான் பிடி.

வலது பக்கத்தில் வேலைக் கணக்கு. கடந்த 12 மாதத்தில் எனக்கு டார்கெட் தினம் 45 கணக்கு, நான் முடித்தது சராசரி 49, குவாலிட்டி 98.2. லீவ் எத்தனை, லாகின் தாமதம் எத்தனை என்பதையும் எழுதினேன். நமக்குச் சாதகமில்லாததையும் எழுத வேண்டும். எப்படியும் அவர்கள் பக்கத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்களை நோட்டில் கையால் எழுதிக்கொள்ளுங்கள். ஆபீஸ் மெயிலை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், திரையைப் போனில் படம் எடுக்காதீர்கள். எங்களைப் போல மருத்துவத் தகவல் கையாளும் இடத்தில் அது ஒன்றே வேலையை விட்டு அனுப்பப் போதும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அப்படி ஒரு காரணத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

அவர்கள் சொல்வதில் உண்மை எது

இதை எழுதத்தான் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மூன்று விஷயம் உண்மைதான்.

முதலாவது, மின்சாரம். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை பெருகி, கடலூரில் ஆற்றோரப் பகுதிகளுக்குள் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் தண்ணீர் ஏறவில்லை, கரண்ட் மட்டும் இல்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நான் லாகின் செய்யவில்லை. புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் எங்கள் குழு அக்காவுக்கும் அதே கதை. 2011 டிசம்பரில் தானே புயலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடற்கரையில் வருடக் கடைசி எப்படி இருக்கும் என்று தெரியும். “கடலூர்ல கரண்ட் போயிடும் மேடம்” என்று அவர்கள் சொன்னால் அதை மறுக்க முடியாது. மறுக்காமல், நான் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறேன் என்று எழுதினேன். நான்கு மணி நேரம் தாங்கும் இன்வெர்ட்டர், ஒரு ஃபைபர் இணைப்பு, அது போனால் வேறு கம்பெனி சிம்மில் டேட்டா. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே சென்னைக்குக் கிளம்பிவிடுகிறேன் என்றும் எழுதினேன். அது எனக்குக் கஷ்டம்தான், இருந்தாலும் எழுதினேன்.

இரண்டாவது, நோயாளிகளின் தகவல். அமெரிக்காவின் ஹிப்பா சட்டம் 1996-ல் வந்தது. நோயாளியின் பெயர், பிறந்த தேதி, நோய் எதுவும் வெளியே போகக் கூடாது. கிளையண்ட் இதைக் கேட்டால் மேனேஜருக்குப் பதில் வேண்டும். அதனால் என் அறையைப் பற்றி நான்கு வரி எழுதினேன். கதவு உண்டு, உள்ளே தாழ்ப்பாள் உண்டு. திரை சுவரைப் பார்த்து இருக்கிறது. அறையில் பேனா, பேப்பர் கிடையாது. போன் வெளியே மாமியாரிடம் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் வீடியோவில் அறையைக் காட்டச் சொல்லலாம், காட்டுகிறேன் என்றேன். ஷிப்ட் முழுக்கக் கேமரா ஓட வேண்டும் என்று கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது பாதுகாப்புக்காக இல்லை, சந்தேகத்துக்காக. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, அதை நாம் சொல்லலாம்.

மூன்றாவதுதான் பெரியது. புதிதாக வேலைக்கு வருபவர்கள். நான் 2016-ல் சேர்ந்தபோது எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு சீனியர். ஒரே போன்காலை இரண்டு ஹெட்செட்டில் கேட்போம். அந்தப் பக்கம் பேசுகிற பெண்மணி “கணக்கு இன்னும் பரிசீலனையில்” என்று சொன்னதும் அவர் என் முழங்கையைத் தொடுவார், விடாதே என்று அர்த்தம். நான் அடுத்த கேள்வி கேட்பேன். அந்த முழங்கைத் தொடுதலை வீடியோ காலில் யாராலும் கொடுக்க முடியாது. 2020-க்குப் பிறகு வந்த பிள்ளைகள் அது இல்லாமலேயே வளர்ந்தார்கள், பாதியில் விட்டுப் போனவர்கள் நிறைய. மேலே இருப்பவர்கள் “ஒத்துழைப்பு, கலாசாரம்” என்று பெரிய வார்த்தைகளில் சொல்வதற்குள் உருப்படியாக இருப்பது இதுதான் என்று எனக்குப் பட்டது.

உங்கள் வேலையிலும் இப்படி ஒன்று இருக்கும், நேரில்தான் நடக்கும் ஒன்று. அதைத் தேடிப் பிடியுங்கள். ஆபீஸுக்கு வரும் நாளை அதற்காக வருவதாக மாற்றினால், நீங்கள் சலுகை கேட்பவர் இல்லை, ஏற்பாடு சொல்பவர்.

மெயில்

எழுதியது இங்கிலீஷில்தான். தமிழில் இப்படி:

“வணக்கம் சார். ஜூலை முதல் வாரம் மூன்று நாள் ஆபீஸ் என்ற அறிவிப்பைப் படித்தேன். மூன்று வாரத்துக்கு 9 நாள் என்று ஆகிறது. அதற்குப் பதிலாக மூன்று வாரத்துக்கு ஒரு முறை, திங்கள் முதல் வெள்ளி வரை 5 நாள் தொடர்ச்சியாக வர அனுமதி கேட்கிறேன். காரணம்: கணவரின் சுழற்சி ஷிப்ட். அட்டவணை கீழே உள்ளது. அந்த 5 நாளும் புதிய பேட்சில் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பயிற்சி தருகிறேன். கடந்த 12 மாதத்தில் என் சராசரி தினம் 49, குவாலிட்டி 98.2. புயலால் இழந்த வேலை நாள் 2. மின்சாரம், இணையம், தகவல் பாதுகாப்புக்கான ஏற்பாடுகள் கீழே உள்ளன. கிளையண்ட் வருகை, ஆடிட் இருந்தால் 7 நாள் முன்னதாகச் சொன்னால் கூடுதலாக வருகிறேன். மூன்று மாதம் சோதனையாகப் பார்த்துவிட்டு, எண்கள் குறைந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஜூலை 4-க்குள் பதில் கிடைத்தால் விடுதி ஏற்பாடு செய்ய வசதியாக இருக்கும்.”

அவ்வளவுதான். ஐந்து வருட உழைப்பு, மரியாதை, மனக்கஷ்டம் எதுவும் அதில் இல்லை. அவை பொய் என்பதால் எடுக்கவில்லை, அவற்றை என் கணவரிடமும் அக்காவிடமும் நிறையப் பேசினேன். “சோதனையாக மூன்று மாதம்” என்ற வரியைக் கவனியுங்கள். கையெழுத்துப் போடுகிறவருக்கு அது தைரியம் கொடுக்கும். தப்பாகப் போனால் திரும்பப் பெறலாம் அல்லவா. கடைசியில் தேதி போடாத மெயிலுக்குப் பதில் வராது.

ஆய்வு ஏதாவது சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒன்றே ஒன்று சேருங்கள், இரண்டு வரியில். 2024-ல் நேச்சர் ஆய்விதழில் வந்தது. சீனாவின் டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 பேரை வைத்துப் பார்த்தார்கள். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களில் ராஜினாமா மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலை மதிப்பீட்டிலும் பதவி உயர்விலும் வித்தியாசம் இல்லை. ஆரம்பத்தில் இது உற்பத்தியைக் குறைக்கும் என்று நினைத்த மேனேஜர்கள், முடிவில் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். தூரத்திலிருந்து வருபவர்களும் பெண்களும்தான் அதிகம் வேலையை விடாமல் தங்கினார்கள். ஆனால் அது மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. முழுக்க வீட்டிலிருந்தே வேலை கேட்பவர்கள் இதைக் காட்டினால், எதிரில் இருப்பவர் படித்தவராக இருந்தால், உங்களுக்கே எதிராகத் திருப்புவார்.

சேர்ந்து கேட்பது

எங்கள் 22 பேரில் இந்தப் பக்கத்து ஆட்கள் ஏழு பேர். கடலூரில் மூன்று, புதுச்சேரியில் மூன்று, பண்ருட்டியிலிருந்து ஒரு தம்பி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினம் பீச்சில் கூடினோம். ஐந்து வருடமாக ஹெட்செட்டில் கேட்ட குரல்கள், சிலரை அன்றுதான் முதன்முறையாக நேரில் பார்த்தேன். சுண்டல் வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்து, யார் யாருக்கு என்ன முடியும் என்று என் நோட்டிலேயே எழுதினோம்.

அன்று எடுத்த முடிவை இப்போதும் சரி என்றே நினைக்கிறேன். பொதுவான விஷயங்களை ஒரு மெயிலில், ஏழு பெயரோடு: கேப் எல்லை, இரவு ஷிப்ட் முடிந்து விடியும் வரை பெண்கள் உட்கார ஓர் அறை, அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில் கூடுதல் அவகாசம். சொந்தக் காரணங்களைத் தனித்தனி மெயிலில், ஒரே நாளில். ஒருவருடைய மாமியார் முட்டிவலியும் இன்னொருவருடைய கடனும் ஒரே மெயிலில் கலந்தால் இரண்டும் எடை இழக்கும். பெயர்களை அகர வரிசையில் போட்டோம். முதல் பெயர் யாருடையதோ அவரைத்தான் தலைவர் என்று குறித்துவைப்பார்கள், ஆகவே அந்த இடத்தை எழுத்து முடிவு செய்யட்டும் என்று விட்டோம். ஐடி, பிபிஓ ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. சங்கத்தில் சேர விரும்புபவர்கள் பயப்படாமல் சேரலாம். சேராதவர்களும் ஏழு பேராகச் சேர்ந்து ஒரு மெயில் போடலாம்.

வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் மேனேஜரைப் பற்றி எழுதாதீர்கள். அது வெளியே போகாமல் இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஸ்வைப் போட்டுவிட்டுக் கிளம்பி வருவது, கார்டை இன்னொருவரிடம் கொடுத்து ஸ்வைப் போடச் சொல்வது, இரண்டும் வேண்டாம். உங்கள் எண்கள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்த ஒரு செயல் அவற்றை நம்ப முடியாததாக்கிவிடும். பதில் வரும் வரை, முடிந்த நாளில் உண்மையாகவே போய் வாருங்கள். நான் ஜூலையில் நான்கு நாள் போனேன்.

வேலையை விடுவதாக இருந்தால்

பண்ருட்டித் தம்பி கேட்டது மறுக்கப்பட்டது. அவர் சேர்ந்து நான்கு வருடம் ஏழு மாதம். மறுப்பு வந்த அன்றே ராஜினாமா எழுதிவிட்டார். கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. நிரந்தர ஊழியருக்குத் தொடர்ந்து ஐந்து வருட சேவை இருந்தால் பணிக்கொடை உண்டு. கணக்கு இதுதான்: கடைசி அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டையும் கூட்டி 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். அடிப்படை 15,600 என்று வைத்தால் ஐந்து வருடத்துக்கு 45,000 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. ராஜினாமா எழுதும் முன் சேர்ந்த தேதியைப் பாருங்கள், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று பாருங்கள், பிஎஃப் கணக்கில் உங்கள் பெயரும் வங்கி விவரமும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ரிலீவிங் லெட்டர் கையில் வராமல் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தால், அடுத்த வேலைக்குப் போகும்போது அது வந்து நிற்கும்.

அந்தத் தம்பி இப்போது புதுச்சேரியில் வேறு ஒரு பில்லிங் கம்பெனியில், சம்பளம் கொஞ்சம் குறைவு, தினமும் வண்டியில் போய் வருகிறார். ராத்திரி வீட்டில் இருக்கிறேன் அக்கா, அது போதும் என்கிறார்.

பதில் வந்த பிறகு

எனக்கு ஜூலை 4-ல் பதில் வரவில்லை. 7-ஆம் தேதி, முன்பு அனுப்பிய மெயிலுக்குக் கீழேயே, “நினைவூட்டுகிறேன் சார்” என்று ஒரே வரி போட்டேன். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் அனுமதி வந்தது. கேட்டபடியே மூன்று வாரத்துக்கு 5 நாள், கூடவே புதிய பேட்ச் பயிற்சிப் பொறுப்பு. டிஎல் போனில் சொன்னார்: “மேல ஒண்ணும் கேக்கல மேடம், நீங்க அனுப்புனத அப்படியே அனுப்பிட்டேன்.” பொது மெயிலில் கேட்டதில் பெண்களுக்கான அறை கிடைத்தது. கேப் எல்லை மாறவில்லை, அதற்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஏழு பேரில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு வடிவில் சரி என்று வந்தது, இருவர் மூன்று நாளும் போகிறார்கள்.

அனுமதி போனில் சொல்லப்பட்டால் அன்றே ஒரு மெயில் போடுங்கள்: “நீங்கள் சொன்னபடி இன்ன தேதி முதல் இன்ன நாட்கள் வருகிறேன், நன்றி.” மேனேஜர் மாறினால் இந்த ஒரு மெயில்தான் மிஞ்சும். எங்களுக்கு மேனேஜர் அக்டோபரில் மாறினார்.

என் அனுமதி மூன்று மாதச் சோதனைக்குப் பிறகு 2026 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. முடிவு தேதி உள்ள அனுமதி என்றால், அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே புதிய மெயில் போக வேண்டும். நோட்டில் இப்போது மூன்றாவதாக ஒரு பக்கம் ஓடுகிறது. ஒவ்வொரு ஆபீஸ் வாரத்திலும் யாருக்குச் சொல்லிக்கொடுத்தேன், அவர்கள் முதல் மாத எண்ணிக்கை எத்தனை, அடுத்த மாதம் எத்தனை. என் பக்கத்தில் உட்கார்ந்த ஆறு பேரில் ஐந்து பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள். அடுத்த மெயிலின் முதல் வரி அதுதான்.